படைக்காத அரிசி

ஆட்டுக்கும் அவள் "நீங்க" என்றுதான் சொல்வாள். "நீங்க அங்கால போங்க, இது அடுத்த வீட்டாக்கள்ற முருங்கை" என்று வேலிக்கு அப்பால் குரல் கேட்டால், யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டார் என்று முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு எட்டிப்பார்ப்பேன். ஆடுதான் நிற்கும். அதுவும் என்னுடைய ஆடு.

அவள் சிங்களப் பெண். அம்பாறைக்கு அப்பால் ஒரு குடியேற்றக் கிராமத்தில் பிறந்தவள். அங்கே கட்டட வேலைக்குப் போன கல்முனைத் தமிழ் மேசன் ஒருவரோடு பத்தொன்பது வயதில் கிளம்பி வந்துவிட்டாள். வந்த அன்று அவளுக்குத் தெரிந்த தமிழ் நாலு சொல். மாமியார் நல்ல மனுசி. "ஆரோட கதைச்சாலும் நீங்க எண்டு கதை மகள், ஒருத்தரும் பிழை சொல்லமாட்டாங்க" என்று முதல் பாடம் சொல்லிக்கொடுத்தார். அதை அவள் கடைசிவரை விடவில்லை. பெற்ற மகளையும் "நீங்க" என்றாள். ஏசும்போதும் அப்படித்தான். "நீங்க ஒரு கள்ளன்" என்று மீன்காரரைப் பார்த்து ஒருநாள் சொன்னாள். அவர் சைக்கிளைப் பிடித்தபடியே சிரித்தார்.

"கள்ளன் எண்டாலும் மரியாதையாச் சொல்லுறா. இந்தா, இன்னும் ரெண்டு சாளை."

எங்கள் ஒழுங்கையில் பாதிவரை முஸ்லிம் வீடுகள், அதற்கப்பால் தமிழ் வீடுகள். எங்களின் கடைசி வீடு என்னுடையது, அவர்களின் முதல் வீடு அவளுடையது. நடுவில் ஒரு கிடுகு வேலி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நாலு பேருக்கு முன்னால் கதைக்க வெட்கப்படுகிறவள். என் வீட்டாரை விட்டால், நான் அதிகம் கதைத்தது அந்த வேலிக்கு அப்பால் நின்ற இவளோடுதான். ஒழுங்கைப் பிள்ளைகள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் "ராத்தா" என்றாள். நான் தங்கச்சி என்றேன்.

காலையில் அவள் பஸ் நிலையத்தடியில் இலைக்கஞ்சி விற்பாள். வல்லாரை இடித்துப் பிழிந்து, சிவப்பரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சிய பச்சைக் கஞ்சி. அதோடு ஒரு துண்டு கருப்பட்டி. மற்ற நேரமெல்லாம் அவளுடைய எண்ணம் ஒரு உலக்கையில் இருந்தது. எந்த உலக்கை என்று சொன்னால்தான் அவளைச் சொன்னதாகும்.

அவர்கள் பக்கத்தில் ஒரு கண்ணகி அம்மன் கோயில் இருக்கிறது. வருடம் முழுக்கப் பூட்டிக்கிடக்கும். வைகாசியில்தான் கதவு திறப்பார்கள். அந்த நாட்களில் ஒருநாள் பின்னேரம், அம்மனுக்குப் பொங்குவதற்கான நெல்லைப் பெண்கள் வாயில் துணி கட்டி உரலில் குத்துவார்கள். யார் வேண்டுமானாலும் குத்த முடியாது. குடி குடியாகக் கூப்பிடுவார்கள். ஒலிபெருக்கியில் ஒரு குடியின் பெயர் வரும், அந்தக் குடிப் பெண் முன்னுக்கு வந்து உலக்கையைப் பிடிப்பாள். குடி என்பது எங்கள் கரையில் தாய்வழியாக வருவது. தமிழருக்கும் உண்டு, எங்களுக்கும் உண்டு. தகப்பன் யாராக இருந்தாலும் சரி, தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி.

அவளுக்குக் குடி இல்லை. அதனால் அவளுடைய மகளுக்கும் இல்லை.

இதை மறந்தது மாமியார்தான். பேத்தியில் இருந்த பாசத்தில் அந்த மனுசிக்குக் கணக்குப் பிசகிவிட்டது. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. தலைக்கு வார்த்து, மஞ்சள் சீலை உடுத்தி, தன்னுடைய குடியைக் கூப்பிட்டதும் தன் இடத்தில் பேத்தியை நிறுத்திவிட்டார். மகளின் பிள்ளையாக இருந்தால் சரி. இது மகனின் பிள்ளை.

நான் அப்போது குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கு ஒலிபெருக்கி தெளிவாகக் கேட்கும். கோயில் நிருவாகத்தைப் பார்க்கிற வண்ணக்கர் கையில் மைக் இருந்தது. அதை நிறுத்த அவர் மறந்துவிட்டார்.

"இது மகன்ர பிள்ளையெல்லவா? தாய் ஆரு?"

யாரோ தூரத்தில் சொன்னார்கள்.

"தாய்க்குக் குடி இல்லையே. பிள்ள இறங்கட்டும்."

ஊர் முழுக்கக் கேட்டது. எங்கள் பள்ளிவாசல் சந்திவரை கேட்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளை மஞ்சள் சீலையைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையால் தனியே ஓடி வந்தது. அதற்குப் பிறகு அது அந்தக் கோயில் மதிலுக்குள் காலே வைக்கவில்லை.

தாய்க்காரி அழவில்லை. அடுத்த நாள் வண்ணக்கரிடம் போனாள். வந்து வேலியடியில் நின்று என்னிடம் அப்படியே சொன்னாள்.

"குடி எப்பிடி வரும் எண்டு கேட்டன், ராத்தா. பிறப்பில வரும் எண்டார். நான் இன்னும் பிறந்து முடியல்ல ஐயா எண்டன். சிரிச்சார்."

"நீயும் சிரிச்சியா?"

"இல்ல. நான் பகிடி விடல்லையே."

அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான்: அந்தக் கோயில் உரலில், எல்லோரும் பார்க்க, அவள் ஒரு தடவை உலக்கை பிடிக்க வேண்டும். குடி இல்லாத தாய் குத்தினால், அவள் பெற்ற பிள்ளை உலக்கை பிடிக்கப் போனதும் பிழையில்லை என்றாகிவிடும். பிள்ளை திரும்பிக் கோயிலுக்குப் போகும். அதற்காகத்தான் எல்லாம்.

அடுத்த வைகாசிக்கு அவள் தன் வளவிலேயே உரலை வைத்தாள். மச்சம் மாமிசம் விட்டாள். உடுப்பைத் தனியே கழுவினாள். நெல் குத்துகிற நாளன்று பின்னேரம் ஒலிபெருக்கியில் குடிகளைக் கூப்பிடத் தொடங்கியதும், வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, அங்கே ஒரு குடிப் பெண் குத்த இங்கே இவளும் குத்தினாள். நான் வேலி இடுக்கால் பார்த்தேன். நேரமும் முறையும் அப்படியே கோயில் போல. பார்க்க ஆளில்லை, நானும் என் ஆடும்தான்.

குத்திப் புடைத்த அரிசியைப் பொழுதுபடும் நேரம் ஒரு தகரப் பேணியில் கொண்டுவந்து என்னிடம் தந்தாள். என் புருஷன் தச்சு வேலை செய்கிறவர், மார்க்க விஷயத்தில் இறுக்கம்; அண்ணன் முறைக்கு அவள் அவரைக் காக்கா என்பாள். பேணியைப் பார்த்துவிட்டு வாசலில் நின்றே கேட்டார்.

"தங்கச்சி, இது சாமிக்குப் படைச்ச சாமானா? படைச்சா நாங்க தின்னப்படாது."

"இல்ல காக்கா. இது படைக்காதது. கோயில் எடுக்காத அரிசி. உங்களுக்கெண்டா நல்ல சுத்தம்."

அவரே பேணியை வாங்கினார். "அப்ப சரி" என்றார். பிறகு என்னிடம், "கெட்டிக்காரி. கோயில் தள்ளினதை வைச்சே ஹலாலாக்கிட்டா" என்று உள்ளே போய்ச் சிரித்தார். அன்றிலிருந்து வருடா வருடம் அந்தப் பேணி வந்தது. நோன்பு மாதம் வைகாசியோடு சேர்ந்து வந்த வருடங்களில், நாங்கள் நோன்பு திறந்த கஞ்சி அந்த அரிசியில் காய்ச்சியதுதான்.

ஒருநாள் நான் கேட்டேன். "இப்பிடிப் பாவனைக்குக் குத்தி என்ன தங்கச்சி? எங்களுக்கு எண்டா முதல்ல மனசில எண்ணம் வைக்கோணும், நிய்யத்து எண்டுறது. நிய்யத்து இல்லாமத் தொழுதா அது தொழுகையில்ல."

அவள் சுளகைக் கீழே வைத்தாள். "எனக்கு மற்றப் பக்கம் ராத்தா. கை முதல்ல போகணும். மனசு பொறகு மூச்சு வாங்கிக்கொண்டு வரும். எங்கட ஊர்ல சொல்லுவாங்க, மனசு எதைப் பிடிச்சிரிக்குதோ அதாத்தான் மறுகா பிறக்கிற எண்டு. நான் பிடிச்சிரிக்கிறது இந்த உலக்கையை."

"அப்ப உலக்கையாப் பிறப்பாய்."

"பரவாயில்ல. ஆரும் ஒரு பிள்ள என்னைப் பிடிக்கும்தானே."

கை முதலில் போகும் என்று அவள் சொன்னதை நான் ஒரு தடவை என் காலால் கண்டிருக்கிறேன். சண்டை நடந்த காலம். என் புருஷன் அக்கரைப்பற்றுக்குப் பலகை எடுக்கப் போனவர், அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் போய்ச் சோதனைச்சாவடியில் பிடிபட்டுவிட்டார். செய்தி வந்தபோது வீட்டில் ஆண்கள் இல்லை. அவள் கஞ்சிப் பானையைத் தூக்கி ஓட்டோவில் வைத்து, என்னையும் அட்டையோடு ஏற்றினாள். சாவடிக்குக் கொஞ்சம் முன்னே இறக்கிவிட்டார்கள். வெயிலில் நடக்க வேண்டும்.

"எனக்குப் பயமா இரிக்கி தங்கச்சி. கால் ஏலா."

"எனக்கும்தான் பயம். காலுக்குச் சொல்லாதீங்க. பயமில்லாத ஆள் நடக்கிற மாதிரி நடங்க, அது போதும்."

நடந்தேன். அவள் அங்கே சிங்களத்தில் என்ன சொன்னாளோ தெரியாது. இரண்டு ஆமிப் பொடியன்மார் துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டுக் கஞ்சி வாங்கிக் குடித்தார்கள். ஒருவனுக்குக் கண் கலங்கிவிட்டது, அவன் வீட்டுக் கஞ்சி ஞாபகம் வந்திருக்கும். என் புருஷனை விட்டார்கள். திரும்பி வரும்போது கவனித்தேன், என் கால் நடுங்கவில்லை. நடுக்கம் எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியாது.

இனி, வண்ணக்கருக்கு அவளில் இருந்த இரண்டாவது கோபத்தைச் சொல்ல வேண்டும். அவள் வீட்டில் ஒரே பலகையில் புத்தர் படமும் கண்ணகி படமும் இருந்தன. பௌர்ணமிப் போயா நாளில் புத்தருக்குப் பூ வைப்பாள். அவள் பிறந்த பக்கத்தில் கண்ணகியைப் பத்தினித் தெய்வம் என்று கும்பிடுவார்களாம். கோயில் பூசகரை இங்கே கப்புகனார் என்கிறார்கள், அங்கே கப்பு மாத்தயாவாம். அதனால் இந்தக் கோயிலை முதன்முதல் கண்டபோதே அவளுக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்ததாம். ஆனால் கும்பிடுகிற விதம் வேறு. இங்குள்ளவர்கள் அம்மனிடம் கேட்பார்கள். மழை, பிள்ளை, சுகம். இவள் ஒன்றும் கேட்க மாட்டாள். கொடுப்பாள்.

"தெய்வங்கள் இரிக்கிற உலகத்தில பசிச்ச ஆள் இல்ல, ராத்தா. அங்க ஆருக்குச் சோறு குடுத்துப் புண்ணியம் தேடுற? அதால நாங்க தேடி அவங்களுக்குக் குடுக்கணும். பத்தினி அம்மா இன்னும் புத்தராகல்ல. நடந்துகொண்டிருக்கா. எத்தினையோ பிறவி நடக்கணும்."

இதை அவள் கோயில் வளவிலும் சொல்லிவிட்டாள். வண்ணக்கர் கேட்டுவிட்டார். அம்மன் இனிமேல்தான் என்னவோ ஆகவேண்டுமா, அவளிடம் குறை இருக்கிறதா என்று பெண்களுக்கு முன்னால் அவளை ஏசினார்.

"கடைசி நாளில நீங்க அம்மாளுக்குக் குளிர்த்தி பாடுறீங்க ஐயா" என்றாளாம் இவள். "மதுரையை எரிச்ச கோவம் ஆறட்டும் எண்டுதானே பாடுற? நேத்து எரிஞ்சா, இண்டைக்குக் குளிர்ந்தா. அப்ப அவவும் ஒண்டிலயிருந்து இன்னொண்டாத்தானே ஆகிறா."

பதில் இல்லாத கோபம் கனகாலம் இருக்கும்.

எனக்கு இந்தக் கதை சேராது. அல்லாஹ்வுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்று ஓதி வளர்ந்தவள் நான். அவளிடமும் அதைச் சொன்னேன். "ஓம் ராத்தா, உங்களுக்கு அது சரி" என்றாள். "எங்கட அம்மாள் நடக்கிற ஆள். நடக்கிற ஆளுக்குத் தண்ணி குடுக்கோணும்." அத்தோடு இருவரும் முருங்கைக்கீரை ஆய்ந்தோம்.

சுனாமி என்று கடல் வந்த வருடத்தில் அவள் வீட்டுக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. உரல் போய்விட்டது. ஊரே அழுதுகொண்டு திரிந்த அந்தக் கிழமைகளில் அவள் தண்ணீர்ப் பந்தலில் வேலை செய்துவிட்டு, பின்னேரத்தில் உரலைத் தேடினாள். மூன்று ஒழுங்கை தள்ளி யாருடையதோ இடிந்த கிணற்றடியில் கிடந்தது. தனியே உருட்டிக்கொண்டு வந்தாள். பார்த்த ஒரு கிழவி, "மனிசர் செத்துக் கிடக்கக்க இவளுக்கு உரல் கேக்குது" என்றாள். எனக்கும் அன்று அவளில் ஒரு மாதிரியாக இருந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டேன். வைகாசி வந்தது, அவள் குத்தினாள், பேணி வந்தது. அந்த வருடம் எங்கள் வீட்டில் அரிசி இருக்கவில்லை. அதைச் சமைத்துத்தான் தின்றோம்.

அவளுடைய புருஷன் காய்ச்சலில் போனார். மாமியாரும் போனார். மகள் வளர்ந்து பாலர் பாடசாலையில் படிப்பிக்கப் போனாள். கோயில் பக்கம் மட்டும் போகமாட்டாள். கூப்பிட்டால், "எனக்கு அங்க என்ன வேல அம்மா" என்பாள்.

பிறகு ஒரு வைகாசியில் பேணி வரவில்லை. நான் வேலியடிக்குப் போனேன். அவள் தென்னை மரத்தடியில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சுளகு நிறையக் குத்தின அரிசி.

"என்ன செய்யிறாய்?"

"புதைக்கிறன். இந்த வருஷம் உங்களுக்கு அரிசி இல்ல, ராத்தா."

"பூச்சி பிடிச்சிட்டா?"

"இல்ல. குத்திக்கொண்டு போகக்க உரலுக்க எனக்கு வண்ணக்கர்ர முகம் தெரிஞ்சிது. நானும் விடாமக் குத்தினன். கடைசி நெல்மணி வரைக்கும் அவரைத்தான் குத்தினன். இதை ஆர்ர வயித்துக்குக் குடுக்கிற?"

"கோழிக்காவது போடன்."

"கோழி என்ன குற்றம் செஞ்சிது?"

மண்ணைத் தள்ளி மூடினாள். "இத்தினை வருஷமா நான் குத்துற ஆளா ஆகிறன் எண்டு நினைச்சன். கோவமா ஆகிக்கொண்டு வந்திரிக்கன்" என்றாள்.

அடுத்த நாள் காலை அவள் என்ன செய்தாள் தெரியுமா. வண்ணக்கர் தினமும் பஸ் நிலையத்தடிக்குப் பத்திரிகை வாங்க வருகிறவர். அவரைக் கூப்பிட்டு முதல் கோப்பைக் கஞ்சியை நீட்டினாள். அவர் வேண்டாம் என்றார், தனக்குச் சீனி வருத்தம் என்றார். அடுத்த நாள் கருப்பட்டி வைக்காமல் நீட்டினாள். மூன்றாம் நாள் அவர் வாங்கிக் குடித்தார். அவள் அவரிடம் ஒரு சதம் வாங்கவில்லை. ஒரு வருடம் முழுக்க முதல் கோப்பை அவருக்கு. உலக்கைக் கதையை அவளும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

"கையூட்டு மாதிரி இரிக்கி" என்றேன் நான்.

"கேக்கிறதுக்கு எண்டாத்தானே கையூட்டு. நான் ஒண்டும் கேக்கல்லையே. மூண்டு மாசம் நடிச்சன், ராத்தா. அவர்ர முகத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும், சிரிச்சுக்கொண்டு நீட்டுவன். நாலாம் மாசம் ஒருநாள் அவர் வரல்ல. பத்து மணி வரைக்கும் வரல்ல. ஏதும் வருத்தமோ தெரியாதே எண்டு றோட்டை றோட்டைப் பார்த்தன். பார்த்துக்கொண்டிருக்கக்கத்தான் தெரிஞ்சிது, ஆகிட்டு எண்டு."

அந்த வைகாசியில் பேணி திரும்பி வந்தது. நிறைய.

கொரோனா வந்த காலத்து வைகாசியில், குத்துகிற பெண்கள் இருக்கிற தெருவை அப்படியே கயிறு கட்டி மூடிவிட்டார்கள். கோயிலில் நாலைந்து பேருக்குத்தான் அனுமதி. அம்மனுக்குப் பொங்க வேண்டும், நெல் குத்த ஆளில்லை. குத்துகிறவள் விரதம் இருந்தவளாகவும் இருக்க வேண்டும். அந்தக் கரையில் மூடாத தெருவில் விரதம் இருந்து உரலைக் கழுவி வைத்திருந்தவள் ஒருத்திதான்.

வண்ணக்கர் முகத்தில் மாஸ்க்கோடு அவள் படலையடியில் வந்து நின்றார். வயது போய்த் தளர்ந்திருந்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தேங்காய் உரித்துக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டேன்.

"நாளைக்கு நீங்கதான் வந்து குத்தணும் பிள்ள" என்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு படலைக்கு வந்தாள். "என்ன எண்டு கூப்பிடுவீங்க ஐயா?" என்றாள்.

"உங்கட மாமிட குடியைச் சொல்லிக் கூப்பிடுறன். ஒருத்தரும் கேக்கமாட்டாங்க."

"அது என்ர குடி இல்லையே."

"சொன்னா ஆச்சு. நீங்கதானே ஆகலாம் ஆகலாம் எண்டு கதைக்கிற ஆள்."

"செஞ்சா ஆகலாம். பொய் சொல்லி ஆக ஏலா. அம்மாளுக்கு முன்னால பொய்யா உலக்கை பிடிக்கமாட்டன். பேர் கூப்பிடாம விடுங்க, குத்துறன்."

"கூப்பிடாமக் குத்துறது முறையில்ல."

"முறையெல்லாம் கயித்துக்கு அங்கால நிக்குதே ஐயா."

அவர் திரும்பிப் போய்விட்டார். மகள் வாசலுக்கு வந்தாள். "அப்பம்மாட குடியை எடுத்திரிக்கலாமே அம்மா. இருவது வருஷம் பார்த்திருந்து, வந்ததை அனுப்பிட்டீங்க."

"அந்தக் குடியிலயிருந்துதானே உங்களை இறக்கினாங்க. மறுகா இறக்கிறத்துக்கா நானும் ஏற?" என்றாள் தாய். பிறகு என் பக்கம் வந்து, கிடுகைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள். "பிழையாக் கதைச்சிட்டனா, ராத்தா?"

எனக்கு வாய் வராது. அன்று வந்தது. "சரியாத்தான் கதைச்சாய்" என்றேன்.

விடிந்ததும் வண்ணக்கர் ஆள் அனுப்பினார். பெயர் கூப்பிடுவதில்லை, வரச்சொன்னார்.

அன்று அஸர் தொழுதுவிட்டு வளவில் உட்கார்ந்தேன். ஒலிபெருக்கியில் ஏழு குடியையும் கூப்பிட்டார்கள். ஆள் இல்லாவிட்டாலும் கூப்பிடத்தான் வேண்டுமாம். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் சத்தம் இல்லை. ஏழாவது பெயருக்குப் பிறகும் இல்லை. கொஞ்ச நேரம் மைக்கில் காற்று மட்டும் இரைந்தது. பிறகு உலக்கை விழுந்தது. எனக்கு அந்தக் குத்துத் தெரியும். இருபது வருடம் வேலிக்கு அப்பால் கேட்ட குத்து.

பொழுதுபட வந்தாள். பேணியில் ஒரு பிடி அரிசி. "படைக்க முந்தி கேட்டு எடுத்தது, ராத்தா. காக்காட்ட சொல்லுங்க" என்றாள். என் புருஷன் மௌத்தாகி அப்போது ஒரு வருடம். சொன்ன பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. இருவரும் பேணியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கயிறெல்லாம் அவிழ்ந்து ஊர் பழையபடி ஆன பிறகும், ஏழு குடியையும் கூப்பிட்டு முடித்து வண்ணக்கர் ஒரு மூச்சளவு சும்மா நின்றார். அந்த இடைவெளியில் அவள் போய்க் குத்தினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வைகாசி அப்படிப் போனது. மகள் ஓட்டோவில் தாயைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு மதிலுக்கு வெளியிலேயே நிற்பாளாம். "உள்ளுக்குக் கூப்பிடன்" என்றேன். "கூப்பிட்டா வருவா, எனக்காக வருவா" என்றாள் அவள். "அவவுக்கு இன்னும் ஆகல்ல. ஆகட்டும்."

போன மார்கழியில் அவள் போய்விட்டாள். நெஞ்சு வருத்தம், இரண்டு நாள்தான். அவள் பெயரை நான் இதில் எழுதவில்லை. எனக்குத் தெரியாமலில்லை. பெயர் கூப்பிடாமல் குத்துகிறேன் என்று நின்றவளை, நான் எழுதுகிற இந்தக் கொப்பியில் வைத்துக் கூப்பிடக்கூடாது.

இந்த வைகாசியில் குத்துக்கு முதல்நாள் மகள் வேலியடிக்கு வந்தாள். தாய் நிற்கும் அதே இடம். கையில் பழைய மஞ்சள் சீலை, தாயுடையது.

"மாமி, நாளைக்கு நான் போகவா? விரதம் பிடிச்சிட்டன், ஆனா மனசில ஒண்டுமே இல்ல. பக்தியும் இல்ல, கோவமும் இல்ல. இப்பிடிப் போனா அம்மாக்குச் சரியா இரிக்குமா?"

இப்படிக் கேட்டால் என்ன சொல்வதென்று படித்தவர்களுக்குத் தெரியும். நான் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மனசு பொறகு வரும் மகள்" என்றேன். "நீங்க முதல்ல போங்க."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து நான் அவளை நீ என்றுதான் சொல்லி வந்தேன்.

இன்று பின்னேரம் அஸர் முடிந்து அதே இடத்தில் உட்கார்ந்தேன். குடிகளைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் உலக்கை விழுந்தது. ஏழாவதும் முடிந்தது. வண்ணக்கர் மைக்கில் ஒரு தடவை செருமினார். பிறகு சத்தம் இல்லை. ஒரு மூச்சு போனது. இரண்டு மூச்சு போனது. மூன்றாவதில் ஒரு குத்து விழுந்தது, உரலின் விளிம்பில் பட்டிருக்க வேண்டும், மரத்தில் மரம் இடித்த சத்தம். அடுத்ததும் சரியில்லை. மூன்றாவது குத்து நெல்லில் விழுந்தது.

அதற்கு மேல் நான் எண்ணவில்லை. எழும்பிப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். அரிசி இன்னும் வரவில்லை. உலையை வைத்துவிட்டேன்.